தமிழ்நாடு சட்ட மேலவை

தமிழ்நாடு சட்ட மேலவை என்பது 1937 முதல் 1986 வரை தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் மேலவையாகச் செயல்பட்ட அவையாகும். 1969 ஆம் ஆண்டில் மாநிலத்தின் பெயர் மாற்றப்படும்வரை இது சென்னை சட்ட மேலவை என வழங்கப்பட்டது. மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் சட்டப் பேரவை கீழவையாகும். மேலவை உறுப்பினர்களோ பெரும்பாலும் மறைமுகமாகவோ, தனித் தொகுதிகள் வழியாகவோ, நியமனம் மூலமாகவோ பதவி பெற்றனர். அவையின் பயனும் அதன்மீது எழுந்த எதிர்ப்பும் இவ்வமைப்பிலிருந்தே தோன்றின.

தோற்றம்

1861 ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டப்படி சென்னை மாகாணத்தில் ஆளுநருக்கு ஆலோசனை கூறும் சட்டமன்றம் அமைக்கப்பட்டது. 1919 ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்திற்குப் பின் இது பெரும்பான்மையும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்டதாயிற்று. அப்போது மாகாணத்தில் இருந்த ஒரே அவை இதுவே. 1927 இல் முத்துலட்சுமி ரெட்டி இதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1935 ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணத்தில் இரண்டு அவைகளை ஏற்படுத்தியது. அதன்படி 1937 முதல் இவ்வவை மேலவையானது.

உறுப்பினர்கள்

இந்திய அரசியலமைப்பின் 171 ஆம் பிரிவின்படி மேலவை உறுப்பினர் எண்ணிக்கை பேரவையின் மூன்றில் ஒரு பங்கிற்கு மிகாமலும் 40க்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். 1952 இல் 72 ஆக இருந்த எண்ணிக்கை, 1953 இல் ஆந்திரா பிரிந்தபின் 51 ஆகக் குறைந்தது. 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 63 ஆக உயர்த்தப்பட்டது. அந்த 63 இடங்கள் பின்வருமாறு பகிரப்பட்டன:

* உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் - 21
* சட்டப் பேரவை உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் - 21
* பட்டதாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் - 6
* ஆசிரியர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் - 6
* ஆளுநரால் நியமிக்கப்பட்டோர் - 9

வாக்காளர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என விருப்ப வரிசைப்படி குறிக்கும் முறையில் தேர்தல் நடைபெற்றது. பட்டதாரித் தொகுதியில் வாக்களிக்கப் பட்டம் பெற்று மூன்று ஆண்டுகளேனும் ஆகியிருக்க வேண்டும். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூகப் பணி ஆகிய துறைகளில் அறிவும் அனுபவமும் உடையோர் நியமனத்திற்கு உரியவர்கள். உறுப்பினராவதற்குக் குறைந்தது 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவர். பேரவையைப் போல மேலவையைக் கலைக்க இயலாது.

தலைமை

அவையின் தலைவரையும் துணைத் தலைவரையும் உறுப்பினர்களே தம்முள் ஒருவராகத் தேர்ந்தெடுப்பர். வாக்குகள் சமமாகும்போது மட்டுமே தலைவர் தம் வாக்கைச் செலுத்துவார். 14 நாட்கள் முன்னறிவிப்புக் கொடுத்து, அப்போதைய மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் நிறைவேற்றும் தீர்மானத்தால் அவரைப் பதவி நீக்கலாம்.

1952 இல் தலைவரான பி. வி. செரியன், 1964 இல் மகாராட்டிர ஆளுநரானார். அவருக்குப் பின் எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கர், சி. பி. சிற்றரசு ஆகியோர் இப்பதவியை வகித்தனர். தமிழறிஞர் ம. பொ. சிவஞானம் 1978 முதல் 1986 வரை பதவி வகித்தார். அவரே கடைசித் தலைவர்.

முதலமைச்சர்கள் சிலரும் மேலவை உறுப்பினர்களாக இருந்தனர். 1952 தேர்தலில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்காத நிலையில், தேர்தலில் போட்டியிடாத இராஜாஜி ஆளுநரால் மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். இந்நியமனம் பெரும் சர்ச்சைக்குள்ளானது. 1967 இல் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த அண்ணாதுரை, மேலவை உறுப்பினராகி முதலமைச்சர் பதவியில் தொடர்ந்தார்.

அதிகாரங்கள்

சாதாரணச் சட்ட முன்வரைவை மேலவை முதன்முறை மூன்று மாதங்களும், பேரவை அதனை மீண்டும் நிறைவேற்றினால் மேலும் ஒரு மாதமும் மட்டுமே தாமதிக்கலாம். நிதிச் சட்ட முன்வரைவை 14 நாட்களுக்குள் திருப்பியனுப்ப வேண்டும். எனவே இவ்வவையால் எச்சட்டத்தையும் நிலையாகத் தடுக்க இயலாது.

நீக்கம்

1986 இல் திரைப்பட நடிகை ஒருவரை மேலவைக்கு நியமிக்க அ.தி.மு.க. அரசு பரிந்துரைத்தது. அவர் கடன் தீர்க்க இயலாதவர் என நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டிருந்ததால் நியமனம் சிக்கலுக்குள்ளானது. அதே ஆண்டு நடந்த உள்ளாட்சித் தேர்தலில் தி.மு.க. பெருவெற்றி பெற்றிருந்தது. மூன்றில் ஒரு பங்கு இடங்கள் உள்ளாட்சி உறுப்பினர்களின் வாக்குகளால் நிரப்பப்படுவதால், மேலவையில் எதிர்க்கட்சியின் வலிமை கூடும் நிலை இருந்தது. தி.மு.க. தலைவர் மு. கருணாநிதியும் அப்போது மேலவை உறுப்பினராக இருந்தார். 1986 மே 14 அன்று எம். ஜி. ஆர். அரசு மேலவையை நீக்கக் கோரும் தீர்மானத்தைப் பேரவையில் நிறைவேற்றியது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 1986 நவம்பர் 1 முதல் மேலவை இல்லாமற் போயிற்று.

மீட்பு முயற்சிகள்

அரசியலமைப்பின் 169 ஆம் பிரிவின்படி, மேலவையை அமைக்கவோ நீக்கவோ பேரவை தனிப் பெரும்பான்மையுடன் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதன்பின் நாடாளுமன்றம் சாதாரணச் சட்டமொன்றை இயற்றினால் போதும். இதனால் ஆட்சி மாறும்போதெல்லாம் முடிவும் மாறியது. தி.மு.க. அரசுகள் 1989, 1996 ஆம் ஆண்டுகளில் மீட்புத் தீர்மானங்களை நிறைவேற்றின. பின் வந்த அ.தி.மு.க. அரசுகள் அவற்றைத் திரும்பப் பெற்றன. 2010 இல் தீர்மானத்தோடு நாடாளுமன்றச் சட்டமும் இயற்றப்பட்டு, மேலவைக்கு 78 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆயினும் தேர்தல் நடைபெறவில்லை. 2011 இல் ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. அம்முடிவையும் கைவிட்டது. 1985 இல் மேலவை நீக்கப்பட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 2007 இல் அது மீண்டும் அமைந்தது. தமிழ்நாட்டிலோ சட்டம் இயற்றப்பட்ட பின்னும் அவை கூடவில்லை.