மெலிவதற்கான சரக்கு நம் கடையிலேயே இருக்கிறது

உடம்பைக் குறைக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதும் நம்மவர்களில் சிலர் நேரே பார்மசிக்குப் போய், ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒரு தூள் டின் வாங்கி வருகிறார்கள். வாங்குபவர் யாரென்று பார்த்தால், கடலையும் பயறும் பருப்பும் மூடை மூடையாக அடுக்கி வைத்திருக்கும் பலசரக்குக் கடை முதலாளி!

காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் இரவில்தான் எழும்புகிறோம். சிறிய கடையில் முதலாளி படுத்தால் கடையும் படுத்துவிடும். ஆகவே இது உடம்புக் கணக்கு மட்டுமல்ல, கடைக் கணக்கும்தான்.

முதலில் தேநீரைப் பார்ப்போம். நாளைக்கு 6 கோப்பை, கோப்பைக்கு 3 தேக்கரண்டி சீனி என்றால் 18 கரண்டி. கரண்டிக்கு 4 கிராம் வீதம் 72 கிராம், அதாவது சுமார் 290 கலோரி. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு, சேர்க்கும் சீனி 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டல். பணிஸும் ரோல்ஸும் இன்னும் கணக்கில் வரவில்லை.

அடுத்தது கிறீம் கிரேக்கர். இனிப்பில்லாததால் அதைப் பத்தியச் சாப்பாடு என்று நினைக்கிறோம். பக்கற்றின் பின்புறத்தைப் படியுங்கள். 100 கிராமில் 400 கலோரிக்கு மேல் இருக்கும். அதே எடை அவித்த கடலையில் சுமார் 165 தான், வயிறும் நிறையும்.

என் மேசையில் பத்து மணிக்கு இருப்பது ஒரு சிறு கோப்பை அவித்த கடலை, கௌபி அல்லது பயறு. சில நாட்களில் அவித்த முட்டை. ஒன்றில் சுமார் 70 கலோரி, 6 கிராம் புரதம். அவசரத்துக்கு டின் மீன் நல்லது. தண்ணீரை வடித்து, கழுவி, வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்தால் போதும். பிரஷர் உள்ளவர்கள் உப்பைக் கவனிக்க வேண்டும்.

பகல் சோற்றில் பாதித் தட்டு மரக்கறியும் கீரையும், கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ பருப்போ இருக்கட்டும். சிவப்பரிசியில் நார்ச்சத்து உண்டு. ஆனால் கலோரி வெள்ளையரிசிக்குக் கிட்டத்தட்டச் சமம், அளவு அவசியம். தாளிக்கும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலும் சுமார் 120 கலோரி இருக்கிறது. கல்யாண வீட்டுச் சஹனில் யாரும் அளவு பார்க்க முடியாது; அது என்றோ ஒரு நாள். நம்மைக் கெடுப்பது தினமும் கல்லாவடியில் நடப்பதுதான்.

சோடாப் போத்தல்களில் 2016 முதல் நிறக் குறி வந்தது. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேலென்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். விற்கும் நாம் அதைப் பார்த்துத்தான் குடிக்கிறோமா? மாப் பக்கற்றில் 'குரக்கன்' என்று பெரிதாக எழுதியிருந்தாலும், சேர்மானப் பட்டியலில் முதலில் இருப்பதுதான் அதிகம் உள்ளது. அது கோதுமை மாவா என்று பாருங்கள்.

நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம்; சீனி திடீரென இறங்கிவிடும். மற்றவர்கள் வாரத்தில் ஒரே நாளில், ஒரே தராசில் நிறை பார்த்துக் குறித்து வாருங்கள்.

இன்றிரவு கடை பூட்டும்போது கால் கிலோ கடலையை நிறுத்து எடுத்து ஊறப் போடுங்கள். சொந்தக் கடைச் சரக்குத்தானே என்று விடாமல், விலையைக் கணக்கில் எழுதிவிடுங்கள்.