பரணில் கிடக்கும் பழைய ரிக்கார்டு: எடைக்குப் போடுவதா, எடுத்து வைப்பதா? மைசூர் மகாராஜா கதையும் ஜாஸ் தட்டுகளும் சொல்லும் பாடம்

மைசூர் அக்ரஹாரம் போன்ற பழைய பகுதிகளில் ஒரு வீட்டை இடித்துக் கட்டும்போதோ, பாகம் பிரிக்கும்போதோ பரணில் இருந்து இறங்கும் சாமான்களில் சில நேரம் ஒரு கட்டு இசைத்தட்டும் இருக்கும். 'எல்லாப் பாட்டும்தான் போன்லயே இருக்கே' என்று அதைக் காயலான் கடைக்கு அனுப்புபவர்கள் ஒரு பக்கம். 'இதெல்லாம் லட்சக்கணக்கில் போகுமாமே' என்று கனவு காண்பவர்கள் இன்னொரு பக்கம். பெரும்பாலும் இரண்டுமே சரியில்லை.

இந்தக் கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம் உண்டு. 2022-ல் அமெரிக்காவில் விற்ற வினைல் தட்டுகளின் எண்ணிக்கை சிடிக்களை முந்தியது. 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. இந்தியாவிலும் 2024-ல் நவி மும்பையில் இசைத்தட்டு அச்சிடும் ஆலை ஒன்று தொடங்கியது. புதுத் தட்டுக்கு ஆள் வந்தால் பழைய தட்டுக்கும் ஆள் வரும். அதிலும் சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது ஜாஸ் தட்டுகளை. ஏன்? எதைப் பார்த்து விலை வைக்கிறார்கள்? உங்கள் வீட்டுக் கட்டில் எதை விடலாம், எதை விடக் கூடாது?

மைசூருக்கும் இசைத்தட்டுக்கும் என்ன தொடர்பு?

அக்ரஹாரத்தில் இருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது மைசூர் அரண்மனை. 1940-ல் பட்டத்துக்கு வந்த ஜெயசாமராஜேந்திர உடையார், தமிழர்களுக்கும் தெரிந்தவர்தான். 1964 முதல் 1966 வரை மெட்ராஸ் மாநிலத்தின் ஆளுநராக இருந்தார். கர்நாடக இசையில் 94 கீர்த்தனைகள் இயற்றிய அவருக்கு மேற்கத்திய செவ்வியல் இசையிலும் தீராத ஆர்வம். அவருடைய இசைத்தட்டுத் தொகுப்பில் அப்போதே சுமார் 20,000 தட்டுகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது.

வாங்கி அடுக்குவதோடு அவர் நிற்கவில்லை. லண்டனில் வறுமையில் இருந்த ரஷ்ய இசையமைப்பாளர் நிகோலாய் மெட்னர், தன் படைப்புகளைத் தானே வாசித்துப் பதிவு செய்ய மகாராஜா பணம் கொடுத்தார். எச்எம்வி அவற்றை வெளியிட்டது. மெட்னர் தன் மூன்றாவது பியானோ கான்செர்டோவை மகாராஜாவுக்கே சமர்ப்பித்தார்.

1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'கடைசி நான்கு பாடல்கள்' முதன்முறையாக மேடையேறின. பாடியவர் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட், இசைக்குழுவை நடத்தியவர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர். மகாராஜா நேரில் போக முடியவில்லை. 4,800 டாலர் உத்தரவாதம் கொடுத்து, கச்சேரியைப் பதிவு செய்து மைசூருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்.

அந்தப் பதிவு அசிடேட் தட்டுகளில் எடுக்கப்பட்டது. அலுமினியத் தகட்டின் மேல் மென்மையான பூச்சு பூசி, அதில் நேரடியாக ஒலியை வெட்டும் முறை இது. அச்சடித்த தட்டு போல ஆயிரம் பிரதி கிடையாது. ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் பூச்சு தேயும். முதன்முதலில் எல்பியாக மாற்றும் முன்பே அந்தத் தட்டுகள் மோசமாகத் தேய்ந்துவிட்டன. 2007-லும் 2014-லும் டிஜிட்டல் தொழில்நுட்பத்தால் சீரமைத்த பிறகே ஓரளவு நல்ல ஒலி கிடைத்தது. ராஜாவே பணம் போட்டு எடுத்த பதிவுக்கும் இதுதான் கதி. பதிவு செய்வது பாதி வேலைதான், அந்தத் தட்டைக் காப்பாற்றுவது மீதிப் பாதி.

சரி, ஜாஸ் தட்டுகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தேடல்?

ஒரே வித்வான் ஒரே தோடியை இரண்டு நாள் பாடினால் இரண்டும் ஒன்றாக இருக்காது. ஆலாபனையும் கல்பனாஸ்வரமும் அன்றைக்கு மேடையில் பிறப்பவை. ஜாஸும் அப்படித்தான். மெட்டு ஒரு தொடக்கப்புள்ளி மட்டுமே. அதன்மேல் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் அந்த நிமிடத்தில் கட்டுவதுதான் இசை. அதனால் ஒரு பதிவு தொலைந்தால், அதே கலைஞர் மறுபடி வாசித்தாலும் அது திரும்பி வராது.

தட்டின் நீளமும் இந்த இசையின் வடிவத்தை மாற்றியது. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 3 நிமிடம்தான் கொள்ளும். 1948-ல் கொலம்பியா நிறுவனம் 33⅓ வேக எல்பியைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்ததும் ஜாஸ் கலைஞர்கள் மேடையில் வாசிப்பது போலவே நீட்டி வாசிக்க முடிந்தது. 1950, 60-களின் ஜாஸ் எல்பிக்களுக்கு இன்றும் மவுசு இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

'ஒரிஜினல் டேப் கம்பெனியில இருக்குமே' என்று கேட்கலாம். எப்போதும் இருக்காது. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் நடந்த தீ விபத்தில் இசைப் பதிவுக் கிடங்கும் எரிந்தது. ஜான் கோல்ட்ரேன் பதிவு செய்த இம்பல்ஸ் நிறுவனத்தின் மூல டேப்புகளும் அழிந்ததாக 2019-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. இழப்பு மிகைப்படுத்தப்பட்டுள்ளது என்று யுனிவர்சல் மறுத்தது. எது எப்படியோ, மூல டேப் போய்விட்டால் அதில் இருந்து அச்சான தட்டுதான் மிச்சமிருக்கும் சாட்சி.

நம்ம ஊரில் ஜாஸ் தட்டு எப்படி இருக்கும்?

78 வேகத் தட்டின் முக்கிய மூலப்பொருளே நம் நாட்டில் இருந்துதான் போனது. அரக்குப் பூச்சியில் இருந்து எடுக்கும் ஷெல்லாக்தான் அது. உலகத்துக்கு அரக்கு கொடுத்ததில் இந்தியாவுக்கே முதலிடம். 1908-ல் கல்கத்தாவில் கிராமபோன் நிறுவனத்தின் ஆலை தொடங்கியது. பிறகு அது தம் தம் பகுதிக்கு மாறியது.

1930, 40-களில் பம்பாய், கல்கத்தா ஹோட்டல்களில் ஜாஸ் கொடிகட்டிப் பறந்தது. அமெரிக்க பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் கல்கத்தாவில் பல தட்டுகள் பதிவு செய்தார், 1945-ல் அங்கேயே இறந்தார். கோவாவைச் சேர்ந்த டிரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட்டை 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' என்றே அழைத்தார்கள். 1958-ல் டேவ் புரூபெக் இந்தியா வந்தபோது, மெட்ராஸில் மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன் சேர்ந்து வாசித்தார்.

மைசூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 'டூயட்' படத்தின் சாக்ஸபோனால் தமிழர்கள் மனதில் நின்ற கத்ரி கோபால்நாத், முதலில் அந்தக் கருவியில் மயங்கியது மைசூர் அரண்மனை பேண்ட் வாசிக்கக் கேட்டுத்தான். 1980-ல் பம்பாய் ஜாஸ் யாத்ரா விழாவில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் ஹேண்டியுடன் அவர் மேடையேறினார்.

அமெரிக்க ஜாஸ் எல்பி உலகம் முழுக்கப் பல பிரதிகள் உண்டு. இந்தியாவில் பதிவான ஜாஸ் 78-கள் அப்படியில்லை. குறைந்த எண்ணிக்கையில் அச்சாகி, உடைந்து, எடைக்குப் போனவை அவை. அப்படி ஒன்று கட்டில் இருந்தால் நிதானிக்க வேண்டும்.

கையில் இருப்பது எந்த வகை?

* 78 வேகத் தட்டு: கனமாக, விறைப்பாக இருக்கும். கீழே விழுந்தால் அப்பளம் போல நொறுங்கும். இது ஷெல்லாக்.
* எல்பி: 12 அங்குலம், லேசாக வளையும், 33⅓ வேகம். இது வினைல்.
* 7 அங்குலத் தட்டு: பெரும்பாலும் 45 வேகம். நம் வீடுகளில் நாலு பாட்டு கொண்ட சினிமா இபிக்கள் இந்த வகை.
* அசிடேட்: அச்சடித்த லேபிளுக்குப் பதில் கையெழுத்தோ தட்டச்சோ இருக்கும், ஓரத்தில் உலோகம் தெரியும். இது கிடைத்தால் சும்மாகூட ஓட்டிப் பார்க்காதீர்கள். வேறு பிரதியே இல்லாத பதிவாக இருக்கலாம்.

'ஃபர்ஸ்ட் பிரஸ்' என்கிறார்களே, அது என்ன?

ஒரு ஆல்பம் முதலில் வெளியானபோது அச்சான பிரதிதான் முதல் பதிப்பு. பிற்பாடு வந்த மறுபதிப்பும் அதே அட்டையோடு வரலாம். வித்தியாசம் லேபிளிலும், பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடைவெளியிலும் இருக்கும்.

1939-ல் தொடங்கிய புளூ நோட் நிறுவனத்தின் தட்டுகளை எடுத்துக்கொள்வோம். சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது லேபிளில் அச்சான நியூயார்க் முகவரி. காலத்துக்குக் காலம் அது மாறியது. அடுத்து, ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பெயரோ முதலெழுத்துகளோ அந்த இடைவெளியில் பொறித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவது, காது போன்ற ஒரு சின்னக் குறி. 1966 வரை புளூ நோட்டுக்கு அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலையின் அடையாளம் அது. இந்த மூன்றையும் வைத்துத்தான் ஒரே ஆல்பத்தின் இரண்டு பிரதிகளுக்கு இடையே விலை பல மடங்கு மாறுகிறது.

ஆனால் முதல் பதிப்பு என்றாலே சிறந்த ஒலி என்று அர்த்தமில்லை. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' 1959-ல் வந்தது. பதிவின்போது டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், தட்டின் முதல் பக்கம் சுருதி கொஞ்சம் ஏறியே ஒலித்தது. அது திருத்தப்பட்டது 1992-ல்தான். சேகரிக்க முதல் பதிப்பு, சரியான சுருதியில் கேட்க மறுபதிப்பு என்று இரண்டையும் வாங்கியவர்கள் உண்டு.

புதுத் தட்டு வாங்குபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம், முழுக்க அனலாக் என்று வாடிக்கையாளர்கள் நம்பிய தட்டுகளில் டிஜிட்டல் படியும் இருந்ததை 2022-ல் ஒப்புக்கொண்டது. அது வழக்கு வரை போனது. 'அனலாக்' என்று அட்டையில் போட்டிருப்பதாலேயே கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

'குட்' என்றால் நல்லதா?

இல்லை. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். தட்டின் நிலையைச் சொல்ல மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று ஒரு வரிசை உண்டு. இதில் 'குட்' என்றால் கீறல் விழுந்து, இரைச்சலோடு ஓடும் தட்டு என்று பொருள். கேட்பதற்கு வாங்குகிறீர்கள் என்றால் வெரி குட் பிளஸ்ஸுக்குக் கீழே போகும்போது யோசியுங்கள். அட்டைக்குத் தனி மதிப்பீடு உண்டு. உறை கிழிந்தாலும் விலை குறையும். நிறைய அச்சான சினிமா எல்பிக்களுக்கும் பழைய பாப் தட்டுகளுக்கும், வயது மட்டும் பெரிய விலை வாங்கித் தராது.

வீட்டில் எப்படிப் பாதுகாப்பது?

* நிற்க வைத்து அடுக்குங்கள். படுக்க வைத்து அடுக்கினால் கீழே இருப்பது வளையும் அல்லது உடையும்.
* வெயில் படும் ஜன்னல், மொட்டை மாடி அறை, பூட்டிய கார் வேண்டவே வேண்டாம். வெப்பத்தில் வினைல் நெளிந்துவிடும்.
* ஈரம் பூஞ்சையைக் கொண்டுவரும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் உள்ளுறையை அவ்வப்போது பார்த்து மாற்றுங்கள்.
* 78 தட்டை ஸ்பிரிட், ஆல்கஹால் தொட்டுத் துடைக்காதீர்கள். ஷெல்லாக் ஆல்கஹாலில் கரையும்! காய்ச்சி வடித்த நீரும் மென்மையான துணியும் போதும். லேபிள் நனையக் கூடாது.
* பழைய கிராமபோனில் எல்பி வைக்காதீர்கள். அதன் ஊசித்தலை 100 கிராமுக்கு மேல் அழுத்தும். நல்ல டர்ன்டேபிள் ஊசியின் அழுத்தம் சுமார் 2 கிராம்தான். ஒரே தடவையில் தட்டு பாழாகும்.
* 78-க்கும் எல்பிக்கும் ஊசி வேறு. 78-ன் பள்ளம் அகலமானது. எல்பி ஊசி அதன் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும்.

டிஜிட்டலாக மாற்றி வெளியிடலாமா?

சொந்தமாகக் கேட்கப் பிரதி எடுப்பது ஒன்று, பொதுவில் வெளியிடுவது வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் இருந்து 60 ஆண்டுகள். 1964-ல் வெளியான பதிவு 2024 முடிவோடு பொதுவுடைமைக்கு வந்துவிட்டது. ஆனால் மெட்டுக்கும் பாடல் வரிக்கும் தனி உரிமை உண்டு. அது படைப்பாளி இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். இரண்டையும் பார்த்த பிறகே இணையத்தில் ஏற்ற வேண்டும்.

வீட்டைக் காலி செய்கிறவர்கள் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். தட்டையும் உறையையும் பிரிக்காதீர்கள். லேபிளில் உள்ள நிறுவனத்தின் பெயர், எண், கலைஞர் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். மொத்தக் கட்டுக்கு ஒரே விலை பேசுபவரிடம் உடனே தலையாட்ட வேண்டாம். அந்த எண்ணை வைத்து, அதே தட்டு இதற்குமுன் என்ன விலைக்கு விற்றது என்று இணையத்தில் பார்க்கலாம்.

அரிய பதிவு என்று தோன்றினால், விற்கும் முன் ஒரு டிஜிட்டல் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். பெங்களூருவில் உள்ள ஆர்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக் போன்ற அமைப்புகள் பழைய கிராமபோன் தட்டுகளைத் தேடி டிஜிட்டலாக்கி வருகின்றன. தட்டு யார் வீட்டு அலமாரிக்குப் போனாலும் பரவாயில்லை. அதில் இருக்கும் இசை எடைக்கல்லோடு போய்விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.