இரு சாராருக்கும் அச்சமூட்டிய ஒரே கரம்



பாதுகாப்பைக் குறித்தோ அச்சத்தைக் குறித்தோ ஒரு செய்தி வந்தால் அதனை உடனே பரப்பிவிடுவோரைத் திருக்குர்ஆனின் 4:83 வசனத்தில் அல்லாஹ் கண்டிக்கின்றான். இறைத்தூதரிடமும் பொறுப்பாளர்களிடமும் அதனைக் கொண்டு சென்றிருந்தால், ஆராயும் திறனுடையோர் உண்மையை அறிந்திருப்பார்கள் என்பது அவ்வசனத்தின் கருத்து. இங்கே கண்டிக்கப்படுவது செய்தியைப் பரப்பியவரே என்பதைக் கவனியுங்கள்.

இதன் ஆழத்தை மியான்மரில் (பர்மாவில்) நடந்தவை உணர்த்துகின்றன. 2014 ஜூலையில் மாண்டலே நகரில், தேநீர்க் கடை நடத்திய முஸ்லிம் ஒருவர் பௌத்தப் பெண்ணின் கற்பைச் சூறையாடினார் என்ற செய்தி ஃபேஸ்புக்கில் பரவியது. கலவரத்தில் ஒரு முஸ்லிமும் ஒரு பௌத்தரும் கொல்லப்பட்டனர். பணம் பெற்றுக்கொண்டு புனையப்பட்ட புகார் அது எனப் பின்னர் அரசே அறிவித்தது. இறந்தவர்கள் இறந்தவர்கள்தாம்.

2017 ஆகஸ்டில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையால் 7 லட்சத்திற்கும் அதிகமான ரோஹிங்யா முஸ்லிம்கள் வங்கதேசத்திற்கு விரட்டப்பட்டனர். அடுத்த மாதமே மெசஞ்சர் வழியாக இரு செய்திகள் வலம் வந்தன. செப்டம்பர் 11 அன்று முஸ்லிம்கள் தாக்கப் போகின்றனர் என்று பௌத்தர்களுக்கு ஒன்று. பௌத்தத் தீவிரவாதிகள் முஸ்லிம்களுக்கு எதிராகத் திரளப் போகின்றனர் என்று முஸ்லிம்களுக்கு மற்றொன்று. இரண்டையும் பரப்பியது இராணுவப் புலனாய்வுப் பிரிவே என்று 2018 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு எழுதியது. இரு சாராரும் அஞ்சினால்தான் இராணுவமே காவல் என்று நம்புவார்கள் அல்லவா?

அவர்கள் கையாண்ட முறையும் நுட்பமானது. அழகுக் குறிப்பு, பொழுதுபோக்கு என்ற பெயர்களில் பக்கங்களைத் தொடங்கி, கூட்டம் சேர்ந்த பிறகே நஞ்சைக் கலந்தனர். 2018 அக்டோபரில் ஃபேஸ்புக் நீக்கிய இத்தகைய பக்கங்களையும் கணக்குகளையும் சுமார் 13.5 லட்சம் பேர் பின்தொடர்ந்து வந்தனர். அதே ஆண்டு இராணுவம் வெளியிட்ட நூலொன்றில், 1996 இல் எடுக்கப்பட்ட ருவாண்டா அகதிகளின் வண்ணப்படம் கறுப்பு வெள்ளையாக மாற்றப்பட்டு, பர்மாவுக்குள் நுழையும் வங்காளிகள் என அச்சிடப்பட்டிருந்தது. மூலப்படத்தைத் தேடிப் பிடித்து இதனை வெளிப்படுத்தியது ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம்.

சகோதரர்களே! அந்த எச்சரிக்கையைத் தம் உறவினருக்கு அனுப்பிய முஸ்லிமின் நிய்யத் கெட்டதன்று. தன் சமுதாயத்தைக் காக்கவே அவர் எண்ணியிருப்பார். ஆயினும் தம்மை அழிக்க நினைத்தவர்களின் வேலையையே அவர் செய்து கொடுத்தார். கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. கெட்ட எண்ணம் அதில் நிபந்தனையாகச் சொல்லப்படவில்லை.

அவ்விரு செய்திகளையும் கண்டறிந்து ஃபேஸ்புக் நிறுவனத்திடம் முறையிட்டவர்கள் அந்நாட்டுச் சமூக அமைப்பினரே. நிறுவனம் தானாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று அத்தகைய ஆறு அமைப்புகள் 2018 ஏப்ரலில் அதன் தலைவருக்குப் பகிரங்க மடல் எழுதின. அவ்வமைப்பினரிடம் இரு செய்திகளும் இருந்தன. பரப்பிய மக்களுக்குத் தத்தம் கைக்கு வந்த ஒன்றுதான் தெரியும்.