வெள்ளைச் சட்டை எல்டர்களின் வீட்டுக்கு ஓர் எட்டு!

லண்டனிலோ டொரண்டோவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நம்மவர்களுக்கு இந்த ஜோடியை நன்றாகத் தெரியும். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்பு பேட்ஜ், முகம் நிறையச் சிரிப்பு. இரண்டு நிமிடம் பேசலாமா என்று கேட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் மார்மன் மிஷனரிகள். நாம் பார்ப்பது அந்த இரண்டு நிமிடத்தை மட்டும்தான். மீதி நேரமெல்லாம் இந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? எங்கே தூங்குகிறார்கள், யார் சமைக்கிறார்கள், துணி எப்போது துவைக்கிறார்கள், அம்மாவிடம் எப்போது பேசுகிறார்கள்? வாசலில் நடப்பதைவிட வீட்டுக்குள் நடப்பது பத்து மடங்கு சுவாரசியம். வாருங்கள், ஓர் எட்டு உள்ளே போய்ப் பார்த்துவிடலாம்!

அதற்கு முன் கொஞ்சம் முன்கதை. 1830 ஏப்ரல் 6-ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை இது. இன்று தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில். 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது முழுப் பெயர். 2018-லிருந்து அந்தப் பெயராலேயே தங்களை அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறார்கள். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான 'மிஷன்கள்', அதாவது ஊழியப் பகுதிகள், 70,000-க்கும் மேற்பட்ட மிஷனரிகள். பையன்களுக்கு 24 மாத ஊழியம், பெண்களுக்கு 18 மாதம். சம்பளம் கிடையாது. சம்பளம் என்ன சம்பளம், கைக்காசு போட்டுத்தான் போகிறார்கள்! அமெரிக்கப் பிள்ளைகளாக இருந்தால் 2020 ஜூலையிலிருந்து மாதம் 500 டாலர். பள்ளிக்கூட நாளிலிருந்தே அதற்காகச் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. 2012 அக்டோபரில் சபை ஓர் அறிவிப்பு செய்தது: பையன்களுக்குக் குறைந்தபட்ச வயது 19-லிருந்து 18, பெண்களுக்கு 21-லிருந்து 19. அன்றிலிருந்து பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு பெட்டி கட்டும் பையன்கள் பெருகிவிட்டார்கள். வீட்டைவிட்டு ஒரு வாரம்கூடப் பிரிந்திராத பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். அதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

எந்த ஊருக்குப் போகிறோம் என்பது அவர்கள் கையில் இல்லை. 2018-க்கு முன்பெல்லாம் ஊரைச் சொல்லும் கடிதம் தபாலில் பெரிய வெள்ளை உறையில் வரும். இப்போது இணையத்தில் வருகிறது. வழி மாறினாலும் கொண்டாட்டம் மாறவில்லை. தாத்தா, பாட்டி, அத்தை, மாமா, பள்ளித் தோழர்கள் எல்லாரும் கூடத்தில் கூடிவிடுவார்கள். எந்த நாடு என்று ஆளாளுக்கு ஊகித்துச் சொல்வார்கள். கடிதத்தை அந்தப் பிள்ளையே உரக்க வாசிக்க வேண்டும். ஊர்ப்பெயர் வந்ததும் வீடே அலறும்! நாம் பார்க்கப்போகிற பையனின் கடிதத்தில் 'தைவான்' என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்த நிறுத்தம் யூட்டாவில் பிரோவோ நகரம். மிஷனரி பயிற்சி மையம் என்ற பெரிய வளாகம், பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்கு அருகிலேயே இருக்கிறது. 50-க்கும் மேற்பட்ட மொழிகள் கற்றுத்தருகிறார்கள். இப்போதெல்லாம் முதல் கட்டப் பயிற்சி வீட்டிலிருந்தே இணைய வழியில் தொடங்கிவிடுகிறது, பிறகுதான் வளாகம். வாசலில் கார் நிற்கும். அம்மா கட்டிப்பிடிப்பார், அப்பா பெட்டிகளை இறக்கிவைப்பார். வரவேற்க ஏற்கெனவே அங்கிருக்கும் ஒரு மிஷனரி சிரித்துக்கொண்டே வந்து பெட்டியைப் பிடித்துக்கொள்வார். விடைபெறுதல் அந்த நடைபாதை ஓரத்திலேயே முடிந்துவிடும். இழுத்துக்கொண்டே போனால் யாராலும் தாங்க முடியாது என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டு வைத்த ஏற்பாடு. எனக்கு அது சரியென்றே படுகிறது.

உள்ளே நுழைந்ததும் பேட்ஜ் கைக்கு வரும். அந்த நிமிடத்திலிருந்து அம்மா கூப்பிட்ட பெயர் போயிற்று! பையன் என்றால் எல்டர், பெண் என்றால் சிஸ்டர், பின்னால் குடும்பப் பெயர், அவ்வளவுதான். முன்பு புதிதாக வந்தவர்களின் பேட்ஜில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னப் பொட்டு ஒட்டி அனுப்புவார்களாம். அதைப் பார்த்ததும் பழையவர்கள் ஓடிவந்து வழிகாட்டுவார்கள். தைவான் போகிறவர்களுக்குச் சீனப் பெயர் ஒன்றும் கிடைக்கும். தன் பெயரைத் தானே எழுதத் தெரியாத நிலையில் வகுப்புக்குள் போனால், ஆசிரியர் முதல் நாளே சீனத்தில் பேசத் தொடங்கிவிடுவார்!

அந்த ஆசிரியர்களும் வயதானவர்கள் இல்லை. பெரும்பாலும் ஊழியம் முடித்துத் திரும்பி, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும் அண்ணன்களும் அக்காக்களும்தான். எனக்கு ரொம்பப் பிடித்த ரகசியம் ஒன்று இங்கே இருக்கிறது. வந்து சில நாட்களுக்குள் இந்தப் பிள்ளைகள் சபையைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவரிடம் போய்ச் சீனத்தில் பேச வேண்டும். வியர்த்து, திக்கி, நாலு வரியை ஒப்பித்துவிட்டு வருவார்கள். அவரோ முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்பார். அவருக்காகப் பிள்ளைகள் இரவில் ஜெபம்கூடச் செய்வார்கள். கொஞ்ச நாள் கழித்து வகுப்புக் கதவைத் திறந்துகொண்டு அதே ஆள் உள்ளே வருவார்: "நான்தான் உங்கள் இன்னொரு ஆசிரியர்!" அந்தக் கணத்தில் அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே!

சீனம் படிப்பவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மாதப் பயிற்சி. பிறகு விமானம். தைவானில் இறங்கியதும் மிஷன் தலைவரும் அவர் மனைவியும் வரவேற்பார்கள். அவர்களும் சொந்த ஊரில் வேலை வெட்டியை விட்டுவிட்டு மூன்று வருடம் ஊழியம் செய்ய வந்தவர்கள். முதல் இரவு நல்ல சாப்பாடு, கொஞ்சம் தூக்கம், தனித்தனியாக ஒரு பேச்சு. அப்புறம் 'டிரெய்னர்' யார் என்ற அறிவிப்பு. முதல் 12 வாரம் கூடவே இருந்து எல்லாம் சொல்லித்தரப்போகிற மூத்த மிஷனரி அவர். மிஷனரிகளின் பேச்சில் டிரெய்னர்தான் 'அப்பா'. பெண்களிடையே 'அம்மா'. முதல் ஊர் 'பிறந்த ஊர்', கடைசி ஊர் 'இறக்கும் ஊர்'. 20 வயதில் அப்பா, 18 வயதில் பிள்ளை, அவருக்கு முன்னால் பயிற்சி தந்தவர் தாத்தா! வம்சாவளி எழுதி வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி வீட்டுக்குள். இரண்டு கட்டில், இரண்டு மேசை, ஒரு சின்னச் சமையலறை, வாசலில் இரண்டு சைக்கிள். முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன டைகளும் பாதி சோயா சாஸ் பாட்டிலும் அலமாரியில் கிடக்கும். பொதுவாகக் காலை 6.30-க்கு எழ வேண்டும், இரவு 10.30-க்கு விளக்கணைக்க வேண்டும். நடுவில் உடற்பயிற்சி, தனியாகப் படிப்பு, ஜோடியாகப் படிப்பு, மொழிப் படிப்பு. 2017-இல் நேர அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்தி, ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் ஆனதும் தெருவில் பீத்தோவனின் இசை கேட்கும். அமெரிக்கப் பிள்ளை ஐஸ்கிரீம் வண்டி என்று நினைத்துத் துள்ளிக் குதிப்பான். டிரெய்னரோ குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடுவார். ஆம், தைவானில் குப்பை லாரிதான் இசை போட்டுக்கொண்டு வரும்! குறித்த நேரத்தில் வரும், நாமே கொண்டுபோய்ப் போட வேண்டும். தைபே நகரில் 2000-லிருந்து அரசின் நீலப் பையைக் காசு கொடுத்து வாங்கி, அதில் கட்டினால்தான் வாங்கிக்கொள்வார்கள். பிளாஸ்டிக், காகிதம், மிச்ச உணவு எல்லாம் தனித்தனி. லாரியைத் தவறவிட்டால் குப்பை அன்றிரவு வீட்டிலேயே. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் தெருவே கூடிவிடுகிறதே! பாட்டிகள், பள்ளிப் பிள்ளைகள், கடைக்காரர்கள் எல்லாரும் பையோடு நிற்பார்கள். வகுப்பில் வாயே திறக்காத பையன், எந்தக் காகிதத்தை எந்த வாளியில் போடுவது என்று ஒரு பாட்டியிடம் கேட்டு, முதன்முதலாகச் சீனத்தில் ஓர் உரையாடலை முழுசாக முடித்துவிட்டு வருவான். அன்றைக்கு அவனுக்கு அதைவிடப் பெரிய வெற்றி இல்லை!

அடுத்த பள்ளிக்கூடம் சிவப்பு விளக்கு. தைவான் சாலைகளில் ஸ்கூட்டர்கள் வெள்ளமாகப் பாயும். விளக்கு சிவப்பானதும் நூறு ஹெல்மெட் வரிசையாக நிற்கும். மிஷனரிகள் சைக்கிளை நைசாகப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். விளக்குக் கம்பத்தில் வினாடிகள் இறங்கிக்கொண்டே வரும். வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, இலவச ஆங்கில வகுப்புக்கு அழைத்து, அட்டையை நீட்டுவதற்குள் பச்சை விழுந்துவிடும். புதுப்பையன் வாயில் முதல் வாரம் 'வணக்கம்' மட்டும்தான் வரும். சிஸ்டர்களும் இதே சாலையில் சைக்கிள் மிதிக்கிறார்கள். 2018 டிசம்பர் வரை அவர்களுக்குப் பேண்ட் அனுமதி இல்லை. மழையிலும் பாவாடையோடுதான் மிதித்தார்கள். அந்த விதி மாறியதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

சாப்பாட்டுக்கு வருவோம். இந்தச் சபையில் 1833-லிருந்து ஓர் உணவு நெறி இருக்கிறது. மது, புகையிலை, காபி, தேயிலை எதுவும் கூடாது. பபிள் டீ பிறந்த நாட்டில் தேநீர் குடிக்காமல் இரண்டு வருடம்! பிள்ளைகள் வாடிவிடவில்லை. வெண்பூசணியைச் சர்க்கரையோடு காய்ச்சிய குளிர்பானம் ஒன்று தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, தேயிலையே இல்லை. அதை ஒரு பிடி பிடிக்கிறார்கள். வீட்டில் முட்டை, சோறு, கடையில் வாங்கிய மோமோ போன்ற கொழுக்கட்டை. சபைக் குடும்பங்கள் விருந்துக்கு அழைத்தால் அன்று திருவிழா.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வந்துவிட்டோம்: கம்பேனியன். கூட இருக்கும் அந்த இன்னொருவர். மிஷன் தலைவர் ஜோடி சேர்த்துவிடுவார், தேர்வு செய்யும் உரிமை இல்லை. குளியலறை தவிர எங்கேயும் பிரியக் கூடாது. ஒருவர் குறட்டை விடுவார், ஒருவர் பாத்திரம் கழுவ மாட்டார், ஒருவர் விடியற்காலையில் பாடுவார். ஓடிப்போக இடமில்லை. அதற்காகவே வாரம் ஒருமுறை ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரத் திட்டமிடல் முடிந்ததும் இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் மற்றவரின் நல்ல குணங்களைச் சொல்ல வேண்டும். பிறகு நெருடலாக இருப்பதை மனம்விட்டுப் பேச வேண்டும், எதை மாற்றிக்கொள்வது என்று முடிவெடுக்க வேண்டும். கடைசியில் ஜெபம். பதினெட்டு வயதில் ஒருவன் இன்னொருவனின் கண்ணைப் பார்த்து, "நேற்று நீ என் சீனத்தைப் பார்த்துச் சிரித்தது வலித்தது" என்று சொல்லப் பழகுகிறான்! கேட்பவன் பதிலுக்குச் சண்டை போடாமல் கேட்கப் பழகுகிறான். கல்யாணமாகி இருபது வருடமானவர்களுக்கும் எளிதில் வராத பழக்கம் அல்லவா இது! இந்த ஊழியத்தில் எதை மதிக்கிறாய் என்று யாராவது கேட்டால், எத்தனை பேர் சபையில் சேர்ந்தார்கள் என்ற கணக்கை நான் சொல்ல மாட்டேன். இந்த வாராந்தரப் பேச்சைத்தான் சொல்வேன்.

ஊர் ஏக்கம் வராமல் இருக்குமா? வரும், அடிவயிற்றைப் பிடித்து இழுக்கும். 2013-இல் சபையே இதற்காக ஒரு சிறு கையேடு வெளியிட்டது. மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் பிரித்து, எந்த நிறத்தில் என்ன செய்யலாம், எப்போது தலைவரிடம் உதவி கேட்க வேண்டும் என்று எளிமையாகச் சொல்கிறது. புதிதாய் வந்தவர்கள் எதிர்பாராததைக் கண்டு மிரள்வது இயல்பு என்று அதில் எழுத்திலேயே ஒப்புக்கொண்டது எத்தனை பிள்ளைகளுக்குத் தெம்பு தந்திருக்கும்!

அதைவிடப் பெரிய தெம்பு 2019 பிப்ரவரியில் வந்தது. அதற்கு முன் வீட்டுக்கு வாரம் ஒரு மின்னஞ்சல். குரல் கேட்பதென்றால் கிறிஸ்துமஸ், அன்னையர் தினம், அவ்வளவுதான். இப்போது வாரா வாரம் பி-டே அன்று வீடியோவிலேயே பேசலாம். பி-டே என்பது பெரும்பாலும் திங்கட்கிழமை வரும் ஆயத்த நாள். துணி துவைப்பது, காய்கறி வாங்குவது, முடி வெட்டுவது, கூடைப்பந்து எல்லாம் அன்றுதான். தைவானில் திங்கள் காலை 9 மணி என்றால் யூட்டாவில் ஞாயிறு மாலை. குடும்பம் முழுக்க வீட்டில் இருக்கும் நேரம். வாஷிங் மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே ஈரத் தலையோடு பையன் திரையில் தோன்றுவான். தங்கை ஏதாவது சீனத்தில் பேசச் சொல்வாள். அம்மா சாப்பிட்டாயா என்பார். யூட்டா அம்மாவும் முதலில் அதைத்தான் கேட்கிறார்! இந்த ஒரு மாற்றத்தைப் பல வருடங்களுக்கு முன்பே செய்திருக்கலாம் என்பது என் திடமான எண்ணம்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றச் செய்தி வரும். யார் எங்கே, யாருடன் என்று இரவெல்லாம் ஊகம் ஓடும். சிலருக்கு அதே வீடு, சிலருக்குப் புது ஊர், புது கம்பேனியன். இரண்டு பெட்டியில் அடங்குவதுதான் சொத்து. இரண்டு சுற்று முடிந்து, 12 வாரம் கடந்ததும் நம் பையனைப் பாருங்கள். சிவப்பு விளக்கில் ஸ்கூட்டர்காரரைச் சிரிக்க வைக்கிறான், குப்பைப் பாட்டியிடம் நலம் விசாரிக்கிறான். பச்சைப்பிள்ளையாக வந்தவனிடமே அடுத்து ஒரு பச்சைப்பிள்ளையை ஒப்படைத்தாலும் ஒப்படைப்பார்கள்!

அடுத்த முறை இந்த ஜோடி உங்கள் வாசலில் நின்றால், மதம் பேச விருப்பமில்லை என்றால் சிரித்த முகத்தோடு அதைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் வருத்தப்பட மாட்டார்கள். டீ, காபி நீட்டாதீர்கள். தண்ணீரோ மோரோ கொடுங்கள். எந்த ஊர், பி-டே எப்போது, போன வாரம் வீட்டில் பேசினீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.