சேது நாணயத்தின் மெய்ம்மை காணுமாறு

கொட்டாஞ்சேனையில் வாழும் என் மாணவனொருவன் சில ஆண்டுகளின் முன் ஒரு செப்புக் காசினைக் கொணர்ந்து, “சேர், இது அம்மம்மாவின் பெட்டகத்தில் இருந்தது. மெய்யானதா, போலியா?” என வினவினான். அதனை விலைக்குக் கேட்பார் ஒருவர் இருந்தனர். விற்றற்குமுன் உண்மை அறிதல் வேண்டுமென அவன் கருதியது பாராட்டற்குரியதே. காசின் ஒருபுறம் நின்ற கோலத்தில் ஓர் உருவம்; மறுபுறம் படுத்த எருது, அதன்மேற் பிறை, கீழே ‘சேது’ என்னுந் தமிழ்ச்சொல்.

இத்தகைய காசுகளை இராமநாதபுரத்துச் சேதுபதிகள் வெளியிட்டனரென முன்னை ஆய்வாளர் சிலர் கொண்டனர். சொல்லொற்றுமை ஒன்றே அக்கொள்கைக்குத் துணையாயிற்று. 1920ஆம் ஆண்டில் சுவாமி ஞானப்பிரகாசர் இவை யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் மறக்கப்பட்ட நாணயங்களென எடுத்துக்காட்டினார். 1924இல் இலங்கை நாணயங்கள் பற்றிப் பெருநூலொன்று வெளியிட்ட கொட்றிங்டனும், 1926இல் ‘பண்டைய யாழ்ப்பாணம்’ என்னும் ஆங்கில நூலை இயற்றிய முதலியார் இராசநாயகமும் இவற்றை ஆராய்ந்தனர்.

இம்முடிபுக்குரிய காரணங்கள் மூன்று. முதலாவது, இக்காசுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மிகுதியாகக் கிடைத்துள்ளமை. இரண்டாவது, ‘சேது’ என்பது யாழ்ப்பாணத்தரசர் தம் சாசனத்தும் நாணயத்தும் வழங்கிய மங்கலமொழி. எருதோ அவர்தங் கொடிக்குரியது. மூன்றாவது, நின்ற அரசனுருவம் முதலாம் இராசராசன் காலமுதல் ஈழத்தில் வேரூன்றிய நாணய மரபைச் சார்ந்தது. சேதுபதிகளோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் ஆதரவுடன் நிலைபெற்றோர். 1619இல் போர்த்துக்கேயர் கைப்பட்ட அரசொன்றின் நினைவு இவ்வாறு சிறு செம்புத்துண்டில் எஞ்சிநிற்கின்றது. ஆகவே போலியொன்றை மெய்யெனக் கொள்ளின் வரலாறு பிழைபடும். மெய்யொன்றைப் போலியெனத் தள்ளின் சான்றொன்று அழியும்.

இனிச் சோதிக்கும் முறையைக் காண்போம். முதலில் எடை. மாணவனின் காசு காற்றில் 3.60 கிராம் நிறுத்தது. நூலிற் கட்டி நீருள் அமிழ்த்தியபோது 0.41 கிராம் குறைந்தது. முன்னதைப் பின்னதால் வகுக்க 8.8 என்னும் ஒப்படர்த்தி கிடைத்தது. செம்பின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 8.9 ஆதலின், இது ஈயமோ நாகமோ அன்றென்பது பெறப்பட்டது. ஆயினும் செம்பினாற் செய்த போலியும் இச்சோதனையில் தேறிவிடுமன்றோ? ஆகவே எடையளவில் அமைதல் கூடாது.

அடுத்து விளிம்பு. அச்சிற் பதித்த காசில், சம்மட்டி அடியால் உலோகம் புறத்தே பரந்தமைக்கும் சிறு வெடிப்புக்களுக்கும் அடையாளம் உண்டு. வார்ப்புப் போலியிலோ இரு அச்சுக்கள் கூடிய கோடும், குமிழிகள் விட்ட நுண்குழிகளும், மழுங்கிய எழுத்துக்களும் காணப்படும். மாணவனின் காசில் ‘து’ பாதி வெட்டுண்டிருந்தது. அதனையே குறையெனக் கருதி அவன் ஐயுற்றான். கையால் அடித்த காசில் முத்திரை விலகுதல் இயல்பு. ஆனால் ஒரே குறை இரு காசுகளில் மயிரிழையும் மாறாது காணப்படின், அவை ஒரு வார்ப்பின் மக்களென ஐயுறல் வேண்டும்.

முத்திரைகளை ஒப்பிடும் இம்முறை பிறநாட்டார்க்கும் பொதுவானது. அமெரிக்காவில் 1785 முதல் 1788 வரை கனெற்றிக்கற் முதலிய மாநிலங்களின் பேரால் செப்புக் காசுகள் வெளிவந்தன. அக்காலத்தே கள்ளக் காசுகளும் பெருகின. ஒவ்வொரு முத்திரையின் எழுத்திடைவெளி, உருவமைதி என்பவற்றைப் பட்டியற்படுத்தியே அங்குள்ள ஆய்வாளர் ஐயமான காசுகளை இனங்காண்கின்றனர்.

பச்சைக் களிம்பைப் புளியிட்டுத் தேய்த்து அகற்றுவோர் அருஞ்சான்றொன்றை இழக்கின்றனர். காலப்போக்கில் விளைந்த களிம்பு உலோகத்தோடு ஒன்றிநிற்கும். பூசப்பட்டது பெரும்பாலும் எளிதிற் பெயரும்.

மாணவனின் காசிற் போலிமைக்குரிய குறியெதுவும் என் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆயினும் என் சொல் முடிந்த முடிபன்று. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையில் அறிஞரிடங் காட்டுமாறு கூறினேன். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்தையும் நினைவூட்டினேன். பின்னர், “இஃது எங்கே கிடைத்தது?” என வினவினேன். அம்மம்மா காலமாகிவிட்டார், அவரிடம் எவருங் கேட்டிலர். எந்த ஊர், எந்த வளவு, எதனோடு கிடைத்தது என்பன அவரோடு மறைந்தன. அன்றே அவன் விற்கும் எண்ணத்தைக் கைவிட்டான்.

காசு மெய்யாயினும், கிடைத்த இடம் அறியப்படாதவழி அது பாதி ஊமையே. ஆதலின், நம் இல்லங்களில் முதியோர் பேணிவைத்த பழங்காசு யாதேனும் இருப்பின், அதன் வரலாற்றை அவர் உள்ளபோதே கேட்டெழுதி வைத்தல் கற்றோர் கடனாகும்.