துப்பாக்கிக்கும் வெந்நீர்க் குளியல்

அரும்பாவூரில் மரச்சிற்பம் செதுக்கும் சிற்பிகளை நேயர்கள் பார்த்திருக்கலாம். உளி மழுங்கினால் உடனே தீட்டுவார்கள். வெறுமனே தீட்டித் தேய்க்க மாட்டார்கள். துப்பாக்கிக்கும் இதுவே விதி. இதை உணராமல் நாம் தலைகுனிந்ததுண்டு.

1948ல் தோன்றிய தேசிய மாணவர் படையில் நாம் பயின்ற காலம். .303 ரைபிளைச் சுட்டு முடித்ததும், குழலுக்குள் எண்ணெய்த் துணியை ஒரு முறை இழுத்துக் கடமை தீர்ந்ததென்று வைத்துவிட்டோம். மறுவாரம் பார்த்தால், குழல் முழுதும் செந்துரு!

காரணம் யாது? உப்பு! பழைய தோட்டாவில் தீ மூட்டும் மருந்திலே பொட்டாஸியம் குளோரேட் உண்டு. அது எரிந்ததும் பொட்டாஸியம் குளோரைடு என்னும் உப்பு குழலில் படிகிறது. அவ்வுப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து, இரும்பைத் துருவுக்கு இரையாக்குகிறது. எண்ணெயில் உப்பு கரையாது, நீரில் கரையும். ஆகவே, சுட்ட அன்றே குழலில் கொதிநீர் ஊற்றி, நன்கு உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் தடவ வேண்டும்.

அப்படியானால் தினந்தோறும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றலாமோ? கூடாது. தோட்டா இல்லையென்று உறுதி செய்துகொண்டு, போல்ட்டை மட்டும் எடுத்தால் போதும். ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் ரைபிளுக்கென்றே பொருத்தி எண்ணிடப்பட்டது, மாறிப்போனால் அபாயம். மரக்கட்டையைக் கழற்றிப் பூட்டினாலோ குறி பிசகும். அது ஆயுதம் பழுதுபார்ப்பவரின் வேலை. துடைக்கும் கயிற்றைக் கோணலாக இழுத்து வந்தால் குழலின் வாயே தேய்ந்துவிடும்.

சுட்ட நாளெல்லாம் துடைத்தல், சுடாத நாளில் ஈரமும் தூசும் கண்டால் துடைத்தல், பிரித்தல் அபூர்வம். சிற்பியின் உளி போதிக்கும் பாடமும் இதுவே.