சான்றிதழோடு நின்றுவிட வேண்டாம்

மலேசியாவில் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் சமூகத்தில் ஆண்டு தவறாமல் ஒரு கேள்வி எழுகிறது: பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பான மெட்ரிகுலேஷனில் இந்திய மாணவர்களுக்கு எத்தனை இடம்? கேட்க வேண்டிய கேள்விதான். 10 ஏ எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று 2024இல் அரசாங்கம் அறிவித்ததற்கு, இப்படி விடாமல் கேட்டு வந்ததும் ஒரு காரணம். ஆனால் ஒரு வகுப்பில் 10 ஏ எடுப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நாலைந்து பாடங்களில் கிரெடிட், கணக்கில் ஓரளவு நல்ல மதிப்பெண், மற்றதில் சுமார் என்று வெளியே வரும் பிள்ளைகளே அதிகம். அவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது நம் குரல் தணிந்துவிடுகிறது. "ஏதாவது கைத்தொழில் படிக்கட்டும்" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறோம். மற்ற ஊர்களில் எப்படியோ, பினாங்கில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது கையில் உள்ளதைத் தவற விடுவதாகும். தொழில்திறன் கல்வியைப் பல பிள்ளைகள் இங்கே முதல் விருப்பமாகவே எடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: எந்த நிலைவரை படிக்கப் போகிறோம் என்பதைச் சேரும் நாளிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பினாங்கு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதன் வரலாறு. 1960களின் இறுதியில் ஜார்ஜ்டவுன் தன் வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த வாணிபம் சரிந்து, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. 1969இல் முதலமைச்சரான துன் லிம் சோங் இயூ தொழிற்சாலைகள் பக்கம் திரும்பினார். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் உருவானது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை இங்கேதான் தொடங்கியது. தொடக்கத்தில் இத்தகைய ஆலைகளுக்குத் தேவைப்பட்டது கூர்மையான கண்ணும் பொறுமையான கையும் கொண்ட ஆப்பரேட்டர்கள். பதினைந்து ஆண்டுகளில் இயந்திரங்கள் மாறிவிட்டன, அவற்றைக் கட்டி மேய்க்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் வந்தது. கல்லூரிகளின் பாடத்திட்டம் மாறட்டும் என்று நிறுவனங்கள் காத்திருக்கவில்லை. மாநில அரசும் கல்வியாளர்களும் துணைநிற்க, 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் பிறந்தது, பி.எஸ்.டி.சி. என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். சந்தையில் ஒன்றோடொன்று போட்டி போட்ட நிறுவனங்கள் பயிற்சிக்காக மட்டும் ஒரே கூரையின் கீழ் வந்தன. எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்தவர்களும், கற்றவர்களை வேலைக்கு எடுத்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். பல பல்கலைக்கழகங்கள் இன்றும் எட்ட முயலும் நிலை அது.

சில்லுத் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன் என்ன செய்கிறார் என்று சற்று நெருங்கிப் பார்ப்போம். சில்லை வெளி இணைப்புகளோடு சேர்க்கும் தங்கக் கம்பியோ செப்புக் கம்பியோ தலைமுடியைவிட மெலிது; பல வகைகளில் 0.025 மில்லிமீட்டர் தடிமன்தான். ஒயர் பாண்டிங் இயந்திரம் வினாடிக்குப் பல முறை அதை ஒட்டிக்கொண்டே போகிறது. திடீரென்று ஒரு தொகுதியில் கம்பிகள் ஒட்டாமல் பிரிகின்றன. அழுத்தம் குறைந்துவிட்டதா, மீயொலி அதிர்வு போதவில்லையா, சூடு இறங்கிவிட்டதா, கம்பி வெளிவரும் பீங்கான் முனை தேய்ந்துவிட்டதா, சில்லின் பரப்பிலேயே அழுக்கா? சிறு கொக்கியால் கம்பியை இழுத்து, எவ்வளவு விசையில் அறுகிறது என்று அளக்கிறார். நடுவில் அறுந்ததா, ஒட்டிய இடத்தில் பிய்ந்ததா என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார். ஐந்து காரணங்களில் நான்கைத் தள்ளிவிட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டும்; அதுவரை இயந்திரம் நிற்கும், நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம். இயற்பியலும் புள்ளியியலும் தெரியாமல் இந்த வேலை ஓடாது. "படிப்பு ஏறாதவனுக்குத் தொழில்திறன்" என்ற எண்ணம் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி அந்த நிபந்தனைக்கு வருவோம். மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐந்து நிலைகளில் தகுதி வழங்குகிறது. முதல் மூன்றும் எஸ்.கே.எம். எனப்படும் சான்றிதழ்கள், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. இரண்டாம் நிலையோடு வெளியேறும் பிள்ளைக்கு வேலை கிடைக்கும். ஆனால் அவன் சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே இருக்க வாய்ப்பு அதிகம். 2025 பிப்ரவரியிலிருந்து அது 1,700 ரிங்கிட். அவன் செய்யும் வேலையைத்தான் அடுத்து வரும் தானியங்கி இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்ளும். டிப்ளோமாவைத் தொட்டவன் அந்த இயந்திரத்தைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் போகிறவன். அவனுக்கு மேலே வழியும் திறந்திருக்கிறது. பெர்லிஸில் உள்ள யுனிமெப் உள்ளிட்ட நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, தொழில்திறன் டிப்ளோமாக்காரர்களைப் பட்டப்படிப்புக்கு ஏற்கிறது. எனவே ஒரு நிலையத்தில் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இங்கே எந்த நிலைவரை படிக்கலாம், இதற்கு மேல் எங்கே போகலாம்?" என்பதுதான். கட்டணமும் விடுதியும் அதற்குப் பிறகு.

இடங்களுக்குக் குறைவில்லை. புக்கிட் மின்யாக்கில் ஜப்பான்–மலேசியத் தொழில்நுட்பக் கழகம், பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை போலிடெக்னிக், தீவில் பாலிக் பூலாவ் போலிடெக்னிக் என மூன்றும் டிப்ளோமா தருபவை. நிபோங் திபால் தொழிற்பயிற்சிக் கழகம் ஆறுமுகம் பிள்ளை என்ற தமிழரின் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கே படிக்கலாம் என்பது எத்தனை தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரியும்? ஜெர்மானிய இரட்டைப் பயிற்சி முறையும் பினாங்குக்கு வந்திருக்கிறது. அதில் பயிற்சி மாணவர் பெரும்பகுதி நேரத்தை நிறுவனத்திலும் மீதியை வகுப்பறையிலும் கழிக்கிறார், பயிலும்போதே உதவித்தொகையும் பெறுகிறார். வீட்டு வருமானம் குறைந்த பிள்ளைக்கு இது சாதாரண வசதியன்று.

பட்டம் இருந்தால் சம்பளம் கூடுதல்தானே என்று கேட்பார்கள். சராசரியை எடுத்துக்கொண்டால் உண்மை. மருத்துவரும் பொறியாளரும் அந்தச் சராசரிக்குள் இருக்கிறார்கள். ஆனால் மேற்கல்வி முடித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தங்கள் தகுதிக்குக் குறைந்த வேலை பார்க்கிறார்கள் என்று நாட்டின் புள்ளிவிவரத் துறையே சொல்கிறது. விருப்பமில்லாத ஒரு பட்டத்தைக் கடன் வாங்கிப் படித்துவிட்டு, அந்தப் பட்டமே தேவைப்படாத வேலையில் உட்காரும் பிள்ளையோடுதான் டெக்னீஷியனை ஒப்பிட வேண்டும். பட்டப்படிப்பில் உண்மையான நாட்டமும் மதிப்பெண்ணும் உள்ளவர்கள் ஆறாம் படிவத்துக்கோ மெட்ரிகுலேஷனுக்கோ போகட்டும். அவர்களைத் தடுப்பது என் நோக்கமன்று.

இன்னொரு தடை இன்னும் ஆழமானது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேறிய நம் குடும்பங்கள் பலவும் ஆலைகளுக்குத்தான் வந்தன. மூன்று ஷிப்டு மாறி மாறி நின்று பிள்ளைகளை வளர்த்த தாய்மார்கள், "நான் பட்டது போதும், நீ ஆலைப் பக்கம் போகாதே" என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வலியை யாரும் மறுக்க முடியாது. அவர்கள் கண்டது ஆப்பரேட்டர் வேலை. டிப்ளோமா முடித்த மகளோ மகனோ அதே வாசல் வழியாக வேறொரு வேலைக்குப் போகிறார்கள் என்பதை யாராவது அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையை நேரில் பார்க்க வைத்தால் இன்னும் நல்லது.

ஊதியம் பற்றிய ஆட்சேபத்துக்கு மட்டும் என்னிடம் முழு விடை இல்லை. தேர்ந்த டெக்னீஷியன்கள் இங்கிருந்து சிங்கப்பூருக்குப் போவது சம்பளத்துக்காகத்தான். சிங்கப்பூர் 1992இல் தன் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தை அமைத்து, அதன் வளாகங்களுக்குத் தாராளமாகச் செலவிட்டு, தொழில்திறன் கல்வி மீதிருந்த பழைய இழிவை ஓரளவு துடைத்தது. ஆனாலும் வேலையிடத்தில் கிடைக்கும் சம்பளமே பெற்றோரின் மனத்தை இறுதியில் மாற்றுகிறது. ஆள் பஞ்சம் என்று முறையிடும் பாயான் லெப்பாஸ் நிறுவனங்கள் அந்தத் தேவையைச் சம்பளப் பட்டியலில் காட்ட வேண்டும். சில்லுச் சந்தை படுக்கும்போது ஆட்குறைப்பு வரும் என்பதும் உண்மை. அப்போதும் மெக்கட்ரானிக்ஸ் கற்றவர் மருத்துவக் கருவி ஆலைக்கோ உணவுப் பதன ஆலைக்கோ மாறிக்கொள்ள முடியும். ஒரே நிறுவனத்தின் ஒரே இயந்திரத்தை மட்டும் அறிந்தவருக்கு அது முடியாது. டிப்ளோமாவரை போங்கள் என்று சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

தொழில்திறன் பட்டதாரிகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் வேலை பெறுகிறார்கள் என்று அரசாங்கம் பெருமையோடு சொல்கிறது. அந்த எண்ணோடு நாம் நின்றுவிடக் கூடாது. பினாங்கின் பயிற்சி நிலையங்களில் ஆண்டுதோறும் எத்தனை இந்திய மாணவர்கள் சேர்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் நான்காம் நிலையை முடித்து வெளிவருகிறார்கள் என்று மாநிலச் சட்டமன்றத்தில் நம் உறுப்பினர்கள் கேட்க வேண்டும். சேர்க்கை எண்ணிக்கையைச் சொல்லி நம் இயக்கங்கள் திருப்தி அடைந்துவிடக் கூடாது. நிலைவாரியான கணக்கை நிலையத்தின் பெயரோடு வெளியிடச் சொல்லி, பாதியில் நின்ற பிள்ளை ஏன் நின்றான் என்று அவன் வீட்டுக்குப் போய் விசாரிக்கும் வேலையை இயக்கங்களும் ஆலய நிர்வாகங்களும் இந்த ஆண்டு சேர்க்கையிலிருந்தே தொடங்கலாம்.